மஞ்சள், மிளகாய், வில்லோ பட்டை: செவித்திறனைக் காக்கத் தாவரங்களால் முடியுமா?

சில மாதங்களுக்கு ஒருமுறை இப்படி ஒரு செய்தி வரும்: மஞ்சளில் உள்ள குர்குமின் காது கேளாமையைத் தடுக்கிறது. அடுத்த முறை மஞ்சளுக்குப் பதில் மிளகாய் இருக்கும், அப்புறம் பச்சைத் தேயிலை, சிவப்புத் திராட்சைத் தோல். ஆய்வு பெரும்பாலும் உண்மையாகவே நடந்திருக்கும். முடிவும் பொய்யல்ல. ஆனால் அது வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்வதற்குள் "தடுக்கிறது" என்பது "குணப்படுத்துகிறது" என்றாகிவிடும், எலி மனிதராகிவிடும். குழப்பம் முழுவதும் இந்த இரண்டு மாற்றங்களில்தான் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க, காதுக்குள் உண்மையில் கெட்டுப்போவது எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கேட்பது எப்படி, கெடுவது எது?

செவிப்பறைக்கும் நடுக்காதுக்கும் உள்ளே, எலும்புக்குள் புதைந்தபடி, நத்தை ஓடு போலச் சுருண்டு பட்டாணி அளவில் இருக்கிறது காக்ளியா. அதற்குள் வரிசை வரிசையாக உணர்முடிச் செல்கள். ஒரு காதில் உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. ஒரு வாழ்நாளுக்கு இவ்வளவுதான் கையிருப்பு.

ஒரு செல்லை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம். அதன் தலையில் நுண்முடிகள் படிக்கட்டு போல உயரம் கூடிக்கொண்டே நிற்கின்றன. குட்டை முடியின் நுனியை அடுத்த நெட்டை முடியோடு ஒரு மெல்லிய புரத இழை கட்டியிருக்கிறது. ஒலி வந்து முடிகள் சாயும்போது இழை இழுபடும். இழுபட்டதும் நுனியில் ஒரு நுண்ணிய வாசல் திறக்கும். வெளித் திரவத்தில் இருக்கும் பொட்டாசியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல்தான் நரம்புக்குச் செய்தியாகப் போகிறது. நாம் கேட்கும் எல்லாமே இந்த வாசல் திறந்து மூடுவதுதான். இந்த வாசலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையில் மறுபடி வரும்.

இந்தச் செல் செத்தால் மனிதருக்கு மறுபடி முளைக்காது. பறவைகளுக்கு முளைக்கும். கோழிக்குஞ்சிலும் காடையிலும் சேதமான உணர்முடிச் செல்கள் புதிதாக வளர்வது 1980களின் கடைசியில் தெரியவந்தது. பாலூட்டிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் காப்பது வேறு, மீட்பது வேறு. தாவரப் பொருள்கள் பற்றிய ஆய்வுகள் கிட்டத்தட்ட எல்லாமே காப்பதைப் பற்றியவை. பத்து வருடமாகக் காது கேட்காத தாத்தாவுக்கு அந்தச் செய்தியில் எதுவும் இல்லை.

தாக்குபவை மூன்று

முதுமை, பரம்பரை, சீழ்த்தொற்று எனக் காரணங்கள் பல உண்டு. ஆனால் காப்பு மருந்து ஆய்வுகள் முக்கியமாகச் சுற்றுவது இந்த மூன்றைத்தான். காரணம் எளிது: அடி எப்போது விழுகிறது என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியும்.

1. இரைச்சல். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது தொழிலிடங்களுக்கான பரவலான வரம்பு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். மிகை ஒலியில் செல்கள் அளவுக்கு மீறி உழைத்து, வினைமிகு ஆக்சிஜன் எனப்படும் அடங்காத மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. அவை கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எதைத் தொட்டாலும் சிதைக்கும். சத்தம் நின்ற பிறகும் இந்தச் சிதைவு நாள்கணக்கில் தொடர்கிறது என்பது விலங்கு ஆய்வுகளில் தெரியவந்தது. அந்த இடைவெளியில் மருந்தால் ஏதாவது செய்ய முடியுமா என்பதுதான் ஆய்வாளர்களின் ஆசை.

2. சில நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின், கனாமைசின் எல்லாம் ஒரே குடும்பம். உயிரைக் காப்பாற்றும் மருந்துகள்தான். ஆனால் மேலே சொன்ன அதே வாசல் வழியாக உணர்முடிச் செல்லுக்குள் நுழைந்து தங்கிவிடுகின்றன. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ள குடும்பங்களில் சில ஊசிகளிலேயே செவித்திறன் போய்விடலாம்.

3. சிஸ்பிளாட்டின். பிளாட்டினம் கலந்த புற்றுநோய் மருந்து, 1978 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. உடலின் மற்ற உறுப்புகளிலிருந்து வெளியேறினாலும் காக்ளியாவில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடத் தங்குகிறது என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். பேசக் கற்கும் வயதுக் குழந்தைக்கு "ச", "ஸ" போன்ற ஒலிகளே காதில் விழாமல் போகலாம்.

தாவரப் பொருள் எங்கே கை வைக்கிறது?

ஆய்வுக் கட்டுரைகளில் பெயர்கள் ஏராளம். வேலை செய்யும் விதம் என்று பார்த்தால் முக்கியமாக மூன்றுதான்.

1. நேரடியாக அணைப்பது. வினைமிகு ஆக்சிஜனோடு தானே வினைபுரிந்து அதை அடக்கிவிடுவது. ஆன்டிஆக்சிடன்ட் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இதுதான். சோதனைக் குழாயில் அழகாக நடக்கும். உடலுக்குள் அவ்வளவு எளிதல்ல, ஏனென்றால் அணைக்கும் அளவுக்கு அந்தப் பொருள் காக்ளியாவைச் சென்றடைய வேண்டும்.

2. செல்லின் சொந்தப் பாதுகாப்பை எழுப்பிவிடுவது. ஒவ்வொரு செல்லிலும் என்ஆர்எஃப்2 என்று ஒரு புரதம் உண்டு. சாதாரண நேரத்தில் இன்னொரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆபத்து என்றால் பிடி தளரும், அது உட்கருவுக்குள் போய்ப் பாதுகாப்பு நொதிகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். பிராக்கோலியில் உள்ள சல்ஃபோராஃபேனும் குர்குமினும் அந்தப் பிடியைத் தளர்த்தக்கூடியவை. அதாவது இவை லேசான தொந்தரவு கொடுத்துச் செல்லை உஷார்ப்படுத்துகின்றன. வேறு வழித்தடங்களும் உண்டு. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் சிஸ்பிளாட்டின் கொடுத்த எலிகளின் செவித்திறனைக் காத்ததாக 2019இல் வந்த ஆய்வு, செல் சாவதா பிழைப்பதா என்று தீர்மானிக்கும் இரண்டு புரதங்களின் விகிதம் மாறுவதைக் காரணமாகக் காட்டியது.

3. வாசலை அடைப்பது. எனக்கு மூன்றிலும் சுவாரசியமானது இதுதான். நஞ்சு உள்ளே போன பிறகு போராடுவதைவிட, போகவே விடாமல் செய்வது. இங்கே வரும் தாவரப் பொருள்கள் சாதுவானவை அல்ல. ஒன்று டி-டியூபோகுராரைன், தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் குராரே நஞ்சின் சாரம், தசைகளைச் செயலிழக்கச் செய்வது. இன்னொன்று பெர்பரிஸ் இனச் செடிகளில் கிடைக்கும் பெர்பமைன். இரண்டும் உணர்முடிச் செல்லின் வாசலில் போய்ச் சிக்கிக்கொண்டு, ஜென்டாமைசின் போன்றவை நுழைவதைத் தடுப்பதாக 2017இல் வெளியான ஆய்வு சொன்னது. (நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் என்று விற்பதில் இருப்பது பெர்பரின். பெயர் ஒலி ஒன்றுபோல் இருந்தாலும் பொருள் வேறு.)

இப்படிப்பட்ட பொருள்களைத் தேடிப்பிடிக்க உதவுவது வரிக்குதிரை மீன் குஞ்சு. பிறந்து ஐந்து நாளில் சில மில்லிமீட்டர் நீளம், உடல் கண்ணாடி போல இருக்கும். நீரோட்டத்தை உணர்வதற்காக அதன் தோலுக்கு வெளியிலேயே, பக்கவாட்டில் கொத்துக் கொத்தாக உணர்முடிச் செல்கள் இருக்கின்றன, நம் காதுக்குள் இருப்பவற்றின் நெருங்கிய சொந்தம். ஒளிரும் சாயம் ஏற்றிய குஞ்சுகளைச் சிறு குழிகள் உள்ள தட்டில் விட்டு, தண்ணீரில் சோதனைப் பொருளைக் கலந்து, பிறகு ஜென்டாமைசின் குடும்பத்தைச் சேர்ந்த நியோமைசினைச் சேர்ப்பார்கள். பொருள் வேலை செய்யவில்லை என்றால் ஒளிரும் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணையும், செய்தால் அப்படியே இருக்கும். எண்ணிப் பார்த்தால் போதும். எலிகளை வைத்து மாதக்கணக்கில் செய்வதை இங்கே நாள்கணக்கில் முடிக்கலாம். குறையும் இதிலேயே இருக்கிறது: மீனின் செல்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன, நம்முடையவை எலும்புக்குள், ரத்தத்திலிருந்து வருவதை வடிகட்டும் ஒரு தடுப்புக்குப் பின்னால்.

மனிதரிடம் பலித்த ஒன்று

தாவரத்திலிருந்து தோன்றிய ஒரு பொருள் மனிதரின் செவித்திறனைக் காத்ததற்கு நல்ல சான்று உண்டா? ஒன்று உண்டு, அது எந்த வாட்ஸ்அப் செய்தியிலும் வருவதில்லை. ஆஸ்பிரின்.

இங்கிலாந்தில் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் வில்லோ மரப்பட்டைப் பொடி காய்ச்சலைத் தணிப்பதாக 1763இல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பட்டையில் உள்ள சாலிசின் வழியாக சாலிசிலிக் அமிலம், அதை மாற்றி 1897இல் பேயர் நிறுவனத்தில் ஆஸ்பிரின். இன்று அது முழுக்கத் தொழிற்சாலைச் சரக்கு, வம்சம் மட்டும் பட்டையிலிருந்து வந்தது.

ஜென்டாமைசின் உடலில் இரும்போடு சேர்ந்து வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்குகிறது, சாலிசிலிக் அமிலத்தின் உப்பான சாலிசிலேட் அதைத் தணிக்கலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விலங்குகளில் கண்டார்கள். பிறகு சீனாவில் ஜென்டாமைசின் ஊசி போட்டுக்கொண்ட 195 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பிரினும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். முடிவு 2006இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. வெற்று மாத்திரைக் குழுவில் 13 சதவீதத்தினருக்குச் செவித்திறன் குறைந்தது, ஆஸ்பிரின் குழுவில் 3 சதவீதத்தினருக்கு.

அப்படியானால் ஏன் எல்லா மருத்துவமனையிலும் இது வழக்கமாகவில்லை? ஆஸ்பிரின் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். குழந்தைகளுக்குக் காய்ச்சல் நேரத்தில் கொடுத்தால் ரெய் நோய்க்குறி என்ற ஆபத்து இருக்கிறது, ஜென்டாமைசின் அதிகம் தேவைப்படுவதோ பச்சிளங்குழந்தைகளுக்கு. வேடிக்கை என்னவென்றால், இதே ஆஸ்பிரின் அளவு மீறினால் தானே காதில் இரைச்சலையும் கேட்பதில் மந்தத்தையும் உண்டாக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எலியிலிருந்து மனிதருக்கு ஏன் எட்டுவதில்லை?

முதல் தடை அளவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 200 மி.கி. குர்குமின் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எலி அளவை மனித அளவாக்க வழக்கமாக 6.2ஆல் வகுப்பார்கள். கிலோவுக்கு 32 மி.கி. வரும், 60 கிலோ ஆளுக்குச் சுமார் 2 கிராம். மஞ்சள்தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவில்தான் இருக்கும். அதனால் 2 கிராமுக்குத் தேவை சுமார் 65 கிராம் தூள், அதாவது ஏறக்குறைய 20 தேக்கரண்டி. தினமும். சாம்பாரில் போடும் சிட்டிகை இந்தக் கணக்கில் எங்கேயும் வராது.

சரி, சாரமாக எடுத்து மாத்திரையாக விழுங்கினால்? பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல் செய்து பார்த்தார்கள். 2 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்தில் அது அளவிட முடியாத அளவுக்கு, அல்லது மிகச் சொற்பமாகவே இருந்தது. மிளகில் உள்ள பைப்பரின் 20 மி.கி. சேர்த்தபோது 20 மடங்கு கூடியது. "மஞ்சளோடு மிளகு" என்ற அறிவுரை இந்த ஆய்வைப் பிடித்துக்கொண்டுதான் உலகம் சுற்றுகிறது. ஏறக்குறைய பூஜ்யத்தின் 20 மடங்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. போதாததற்கு, பைப்பரின் இதைச் செய்வது மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுத்துத்தான். வலிப்பு மாத்திரையோ புற்றுநோய் மருந்தோ எடுப்பவருக்கு அந்த மருந்தின் அளவும் ரத்தத்தில் ஏறிவிடலாம். மஞ்சள் சார மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி 2022இல் அமெரிக்காவில் வெளியான தொகுப்பிலும், சிலரின் மாத்திரையில் மிளகுச் சாரம் கலந்திருந்தது.

இரண்டாவது தடை நேரம். எலி ஆய்வுகளில் பெரும்பாலும் மருந்து முதலில், அடி பிறகு. வாழ்க்கையில் காதுக்குப் பக்கத்தில் அணுகுண்டுப் பட்டாசு வெடிக்கப்போகிறது என்று முந்தின நாளே யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, கூடவே இருக்கும் நோய். சிஸ்பிளாட்டின் புற்றுச் செல்லைக் கொல்வதில் வினைமிகு ஆக்சிஜனுக்கும் பங்கு உண்டு. காதைக் காக்க ரத்தத்தில் விடும் பொருள் கட்டிக்கும் போகும், அங்கே எதிரியையும் காத்துவிட்டால்? இது வெறும் பயமல்ல. பச்சைத் தேயிலையின் இஜிசிஜி என்ற பொருள் போர்டெசோமிப் என்ற புற்றுநோய் மருந்தோடு நேரடியாகப் பிணைந்து அதைச் செயலற்றதாக்குகிறது என்று 2009இல் ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்டார்கள். அதே இஜிசிஜி, சிஸ்பிளாட்டினோடு கொடுத்தபோது எலியின் காதைக் காத்தது, கட்டியைக் கொல்வதையும் கெடுக்கவில்லை என்றது 2017இல் வந்த இன்னோர் ஆய்வு. ஒரே பொருள், கூட இருந்த மருந்து மாறியதும் கதையே மாறிவிட்டது. சிகிச்சையில் இருப்பவர் "இயற்கைதானே" என்று எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

நான்காவது, நாம் அளக்கும் விதம். 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். பலத்த சத்தத்துக்குப் பிறகு கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது, ஆனால் சில இடங்களில் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதி வரை நிரந்தரமாகப் போயிருந்தன. 'பீப்' ஒலி கேட்கிறதா என்ற வழக்கமான சோதனையில் இது தெரியாது. கல்யாண மண்டபத்தில் எதிரே நிற்பவர் பேச்சு புரியாமல் போகும்போதுதான் தெரியும். ஒரு மருந்து எதைக் காத்தது என்று சொல்லும் முன், எதை அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஜிங்கோவும் சிங்கோனாவும்

காதுக்கென்று உலகில் அதிகம் விற்கும் மூலிகைச் சாரங்களில் ஒன்று ஜிங்கோ. காது இரைச்சலுக்கு அது உதவுகிறதா என்று பிரிட்டனில் 1,121 பேரை வைத்து நடந்த சோதனை 2001இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வெளியானது. 12 வாரம் கழித்து, இரைச்சலின் தொல்லை குறைந்ததாகச் சொன்னவர்கள் ஜிங்கோ எடுத்த 360 பேரில் 34, வெற்று மாத்திரை எடுத்த 360 பேரில் 35. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தாவரம் என்றால் காதுக்கு இதம் என்ற நம்பிக்கைக்கு நேர் எதிரான சாட்சி நீலகிரியிலேயே இருக்கிறது. மலேரியாவுக்காக ஆங்கிலேய அரசு 1860களில் அங்கே சிங்கோனா மரங்களை நட்டது, நடுவட்டத்தில் கொய்னா எடுக்கும் தொழிற்சாலையும் நடந்தது. அந்தப் பட்டையின் கொய்னாவை அதிக அளவில் எடுத்தவர்களுக்குக் காதில் ரீங்காரமும் கேட்பதில் குறைவும் வருவது மருத்துவ உலகில் பழைய செய்தி, அதற்கு சிங்கோனிசம் என்று பெயரே உண்டு. வில்லோ, சிங்கோனா, குராரே என்று காதின் செல்களை உண்மையிலேயே தொடும் தாவரப் பொருள்கள் எல்லாமே அளவு தெரியாமல் கை வைக்கக் கூடாதவையாகத்தான் இருக்கின்றன.

இப்போது கையில் இருப்பது

சிஸ்பிளாட்டினால் குழந்தைகளுக்கு வரும் செவித்திறன் இழப்பைக் குறைக்க அமெரிக்காவில் 2022 செப்டம்பரில் ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது தாவரம் அல்ல, சோடியம் தயோசல்ஃபேட். கறுப்பு வெள்ளைப் படம் கழுவியவர்கள் "ஹைப்போ" என்று சொல்வார்களே, அதே உப்பின் தூய வடிவம். கல்லீரல் புற்று இருந்த குழந்தைகளிடம் செய்த சோதனையில், சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களில் 63 சதவீதத்தினருக்குச் செவித்திறன் குறைந்தது, உப்பும் பெற்றவர்களில் 33 சதவீதம். சூட்சுமம் நேரத்தில் இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் உப்பு பிளாட்டினத்தைப் பிடித்துக் கட்டியையும் காப்பாற்றிவிடும். அதனால் 6 மணி நேரம் காத்திருந்து, சிஸ்பிளாட்டின் கட்டியில் தன் வேலையைச் செய்த பிறகே ஏற்றுகிறார்கள். பரவிய புற்றுநோய் உள்ளவர்களுக்கு இந்த அனுமதி பொருந்தாது.

காசநோயில் தீர்வு இன்னும் எளிமையாக வந்தது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு மாதக்கணக்கில் போட்ட கனாமைசின் ஊசி பலரின் காதைப் பறித்தது. காப்பு மருந்து எதுவும் வரவில்லை, ஊசியே போனது. பெடாகுலின் போன்ற மாத்திரைகள் வந்த பிறகு, ஊசியில்லாத சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கத் தொடங்கியது.

கடைசியாக, காதில் விடும் எண்ணெய். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை விட்டதும் காது கேட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. குறும்பி அடைத்திருந்தால் எந்த எண்ணெயும் அதை இளக்கும், அடைப்பு விலகினால் கேட்கும். ஆனால் முழுதாக இருக்கும் செவிப்பறையைத் தாண்டி எண்ணெய் காக்ளியாவுக்குப் போகாது. ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் போய்த் தொற்றைக் கிளப்பும்.

இதில் ஒரே ஒரு நிலைமைக்கு அவசரம் உண்டு. காலையில் எழும்போது ஒரு காது மட்டும் திடீரென மந்தமாகிவிடும். செல்போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றும்போதுதான் பலருக்கு அது தெரியும். குறும்பி என்று நினைத்து எண்ணெய் விட்டு ஒரு மாதம் காத்திருப்பார்கள். அது உள்காது நரம்புப் பாதிப்பாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும். அடைப்பா நரம்பா என்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்து, ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி நெற்றியில் வைத்து, சில நிமிடத்தில் ஓரளவு சொல்லிவிடுவார். அதுவரை காதில் எதுவும் விட வேண்டாம்.